பிளேன் பொட்டல்ல உண்மையாவே பிளேன் இறங்குச்சா?

லயத்துப்பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் போறவன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

எங்க தேயிலைத் தோட்டம் பண்டாரவளைக்கும் தியத்தலாவைக்கும் நடுவுல. பேரு வேணாம், தொரை பார்த்தா வம்பு. கீழ் டிவிசன்ல ஸ்டோருக்குப் பின்னால ஒரு சமதரை இருக்கு. சுத்தி எங்க பார்த்தாலும் சரிவு, இது மட்டும் பலகை போட்ட மாதிரி. ஆளுங்க எல்லாம் அதுக்குப் 'பிளேன் பொட்டல்'னு பேரு வச்சிருக்காங்க. மாசியில காமன் கூத்து அங்கதான், மத்த நாள்ல பொடியனுங்க கிரிக்கெட்.

தாத்தா உசுரோட இருந்தப்ப, "வெள்ளைக்காரன் சண்டையில இங்கதான் பிளேன் இறங்குச்சு"னு அடிச்சுச் சொல்லுவாரு. நாங்க சிரிப்போம். ஆனா எங்க லயத்து வரிசை வீட்டுக் கோடியில தண்ணி ஓடுற கானுக்கு மேல பாலமா ஒரு இரும்புத் தகடு கெடக்கு. பூரா வட்ட வட்டமா ஓட்டை. போன வாரம் யூடியூப்ல இரண்டாம் உலக யுத்தத்துப் படம் பார்த்தப்ப அச்சா அதே தகட்ட ரன்வேயில விரிச்சிருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மலைநாட்டுல யுத்த காலத்து விமானத் தளம் இருந்துச்சா? ஒரு இடத்தப் பார்த்து எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பழைய_தியோடலைட்:
தம்பி, வரைபடம் வரைந்தே தேய்ந்துபோன கை என்னுடையது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் அளவு. 1942க்குப் பிறகு பிரிட்டிஷ் விமானப்படை தன் 'ஏ' வகுப்புத் தளங்களுக்கு வைத்த கணக்கு, பிரதான ஓடுபாதை 2000 யார் (ஏறத்தாழ 1830 மீட்டர்) நீளம், 50 யார் அகலம். துணைப் பாதைகள் இரண்டு, 1400 யார் வீதம். அது குண்டுவீச்சு விமானங்களுக்கான முழு அளவுத் தளம். சண்டை விமானத்துக்கு இதைவிடக் குறைவாகவே போதும். ஆனாலும் 'தளம்' என்று சொன்னால் ஓடுபாதை மட்டும் தனியாக நிற்காது. விமானத்தைச் சிதறலாக நிறுத்தி வைக்க வட்டமான தளங்கள், குண்டுச் சிதறல் படாமலிருக்கக் குதிரை லாட வடிவில் மண் அணை, சுற்றி வரும் பாதை, எரிபொருள் கிடங்கு, வடிகால் எல்லாம் இருக்கும். ஓடுபாதையை உழுது போட்டாலும் லாட வடிவ அணை லேசில் போகாது. மேலிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இப்போது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவை: பொட்டலின் நீளம், அகலம். எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறது? தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அதன் நீளவாக்கில் அடிக்கிறதா, குறுக்கே அடிக்கிறதா? இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது? பிறகு அந்தத் தகடு. ஓட்டைகளை ஒன்று விடாமல் எண்ணுங்கள். விளிம்பையும் பாருங்கள்.

வடலி:
தம்பி, நாங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலிப் பக்கம். எங்களுக்கு உந்தக் கண்டுபிடிக்கிற வேலை தேவைப்படேல்லை, ஊரே தளத்துக்குள்ள போய்ட்டுது. யுத்தத்துக்குள்ள வெள்ளைக்காரன் போட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோனின்ட முதல் பயணம் ரத்மலானையில வெளிக்கிட்டு காங்கேசன்துறையில (எங்கட தளத்துக்கு அப்ப அந்தப் பேர்) இறங்கித்தான் மதராசுக்குப் போனது. அம்மம்மா கோட் போட்ட ஆக்களைப் பார்க்கவெண்டே சைக்கிள்ல போனவவாம். பிறகு 1990ல நாங்கள் சட்டிபானையோட வெளிக்கிட்டம். 2019 ஒக்டோபர்ல அது சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்தவை. ஒரே தார், நாலு காலம்.

உப்புக்காத்து:
புத்தளம் பாலாவிய விட்டுட்டீங்க. எங்கட ஊர்த் தளம் விமானப்படைட இல்ல, கடற்படைட. பிரிட்டிஷ் கடற்படை தரையில இருக்கிற இடத்துக்கும் கப்பல்ட பேருதான் வைக்கும். புத்தளம் 'ராஜாளியா'. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த 'உக்குஸ்ஸா'. கொழும்பு ரேஸ்கோர்ஸ் 'பேருண்ட', ரெண்டு தலைப் பறவை. திருகோணமலை சைனா பேயில இருந்தது 'பம்பரா', அது மலைத்தேனீ. யாரோ ஒரு வெள்ளைக்காரன் சிங்கள அகராதிய வச்சிக்கிட்டு நல்லா ரசிச்சிருக்கான்.

புத்தளத்துல மழை பெய்ஞ்சா சேறு. கோர்சேர் விமானத்த யானை கட்டி இழுக்கிற போட்டோ ஒண்டு இருக்கு, தேடிப் பாருங்க. இறக்கை மடிச்ச விமானம், முன்னால சங்கிலியோட யானை, பக்கத்துல பாகன். யுத்தத்துல ஆக்கள் எடுத்த போட்டோவுல எனக்குப் பிடிச்சது அதுதான்.

காசல்ரீ_காத்து:
மலைநாட்டுல ஏன் இல்ல? எங்க மாமா சொல்லுவாரு, காசல்ரீ தண்ணியில யுத்த காலத்துல கற்றலினாங்கிற தண்ணி பிளேன் இறங்குச்சாம். இப்பவும் தண்ணியில இறங்குற பிளேன் வருது, நானே பார்த்திருக்கேன். பழைய இடம்ங்கிறதாலதானே இறங்குறாங்க?

பழைய_தியோடலைட்:
காசல்ரீ அணை கட்டி முடிந்தது 1965ல் தங்கச்சி. 1942ல் அந்தத் தண்ணீர் இருந்த இடத்தில் தேயிலையும் லயமும் கோயிலும் இருந்தன. கற்றலினா இறங்கியிருந்தால் கொழுந்துக்கு மேல்தான் இறங்கியிருக்க வேண்டும்.

ஆனால் மாமாவைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. கற்றலினா இறங்கியது தெற்கே காலிப் பக்கம் கொக்கலைக் களப்பில். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி ஜப்பானியக் கடற்படையை இந்துசமுத்திரத்தில் கண்டு செய்தி அனுப்பிய கனடிய விமானி பேர்ச்சால் கிளம்பியது அங்கிருந்துதான். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 1943ல் இருந்து அதே களப்பில் இருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கு குவான்டாஸ்காரர்கள் கற்றலினா ஓட்டினார்கள். ஆகாயத்தில் ஏறத்தாழ 30 மணி நேரம், ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம். மாமா யாரிடமோ கேட்ட கொக்கலைக் கதை காலப்போக்கில் மலையேறி காசல்ரீக்கு வந்திருக்கும். பிற்காலத்தில் தண்ணீரில் விமானம் இறங்குவதைப் பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டிருப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், லயத்துப்பொடியன் தம்பியும் இதே இடத்தில்தான் நிற்கிறார்.

லயத்துப்பொடியன்:
ஐயா, ஞாயித்துக்கிழமை தம்பியக் கூட்டிக்கிட்டு அளந்தேன். போன்ல மேப்பு வச்சும் பார்த்தேன். நீளம் 310 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 70. கச்சான் காத்து குறுக்கதான் அடிக்குது, அதுல சந்தேகமே இல்ல, ஆடி மாசம் விக்கெட்டு ஸ்டம்பே நிக்காது. ஒரு முனையில சவுக்கு மரம், அதுக்குப் பின்னால மலை. மறுமுனையில பள்ளம், கீழ ஆறு. லாடம் மாதிரி அணை எதுவும் இல்ல.

தகடு கதை வேற மாதிரி. தண்ணி ஊத்திக் கழுவி, கம்பித் தூரிகையால சொரண்டினேன். ஓட்டை ஒரு வரிசைக்கு 3, மொத்தம் 29 வரிசை. 87. ஒவ்வொரு ஓட்டையோட வெளிம்பும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் உள்வாங்கி இருக்கு, கால் விரல் வச்சா தெரியுது. ஒரு நீளப்பக்கத்துல வளைஞ்ச கொக்கி, எதிர்ப்பக்கத்துல கொக்கி நுழையுற நீட்டுத் துவாரம். பக்கத்துலயே இன்னொரு தகடு மண்ணுக்குள்ள. அது 17 வரிசையோட வெட்டி இருக்கு.

பழைய_தியோடலைட்:
87! தம்பி, உங்கள் தகடு அசல்.

துளையிட்ட உருக்குத் தகடு, அமெரிக்கர்கள் உருவாக்கியது. 1941ல் வட கரோலினாவில் மார்ஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதித்ததால் மார்ஸ்டன் மேட் என்றும் சொல்வார்கள். 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 66 இறாத்தல், அதாவது 30 கிலோ. ஓட்டை போட்டது எடையைக் குறைக்க, வளைத்த விளிம்பு பலத்துக்கு. இரண்டு பேர் தூக்கி வைத்து, கொக்கியைத் துவாரத்தில் மாட்டித் தள்ளினால் அடுத்த தகடு. சேற்றின் மேல் சில நாளில் ஓடுபாதை.

ஆனால் கவனம். தகடு அசல் என்றால் பொட்டல் அசல் என்று அர்த்தமில்லை. சேற்றுப் பாதைக்கும் வாகனத் தரிப்புக்கும்கூட இதை விரித்தார்கள். யுத்தம் முடிந்ததும் உலகம் பூராவும் பழைய இரும்பாக விலைக்கு வந்தது. வேலி, கோழிக்கூடு, பாலம், கோயில் வாசல் கேட், எதற்குத்தான் ஆகவில்லை. நடக்கக்கூடிய சான்றை நம்பி இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது. இந்தத் தகட்டுக்கு எட்டுத் திக்கிலும் கால் உண்டு.

பொட்டலைப் பார்ப்போம். பண்டாரவளைப் பக்கம் சுமார் 4000 அடி உயரம். காற்று மெலிந்திருப்பதால், 1000 அடிக்கு நூற்றுக்குப் பத்து வீதம் மேலெழும் தூரம் கூடும் என்று விமானிகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. கடல் மட்டத்தில் 300 மீட்டர் வேண்டிய விமானத்துக்கு இங்கே 420 வேண்டும். உங்களிடம் 310 இருக்கிறது, முனையில் மலை, காற்று குறுக்கே. எந்த விமானப்படைப் பொறியியலாளன் இதைத் தேர்ந்தெடுப்பான்? அவர்கள் மின்னேரியாவையும் சீகிரியாவையும் வவுனியாவையும் எடுத்தார்கள். சமவெளி, திறந்த வானம். மின்னேரியாத் தளம்தான் இன்று ஹிங்குராக்கொடை. அங்கிருந்து லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் மலாயாவுக்குப் போய் இரகசியப் படைகளுக்குச் சாமான் போட்டுவிட்டு வந்தன.

வால்வுரேடியோ:
ஐயா சொல்றது பெரிய தளத்துக்குச் சரி. ஆனா ஆஸ்டர் மாதிரிச் சின்ன விமானம் பயிர்க்காட்டுலயே இறங்கும். 1944 ஏப்ரல்ல இருந்து மவுண்ட்பேட்டனோட தென்கிழக்காசியப் படைத் தலைமையகமே பேராதனைப் பூங்காவுல. தியத்தலாவையில முகாம், கடற்படை ஓய்வு நிலையம். பெரிய அதிகாரி ஒருத்தன் ஒரு தடவை இறங்கியிருக்க மாட்டான்னு எப்பிடிச் சொல்வீங்க? இன்னைக்கும் தியத்தலாவையில விமானப்படை முகாம் இருக்கே.

பழைய_தியோடலைட்:
விமானப்படை முகாம் என்றால் விமானம் இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே ஆளைப் பயிற்றுவிக்கிறார்கள். தியத்தலாவை முகாமுக்கு வயது அதிகம். 1900ல் போயர் யுத்தக் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை அடைத்தது அங்கேதான். இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மன்காரர்களை அடைத்து, 1942ல் டேராடூனுக்கு அனுப்பினார்கள். அத்தனைக்கும் ஆளும் சாமானும் வந்தது ரயிலில்.

'ஒரு தடவை இறங்கியிருக்கலாம்' என்பதை யாராலும் மறுக்க முடியாது, அதுதான் அதன் வசதி. ஒரு தடவை இறங்கிய இடம் தளமாகாது. என் வீட்டு வாசலில் ஒரு தடவை மாடு படுத்தது, அதற்காக அது பட்டியா?

வால்வுரேடியோ:
சரி, மாட்ட விடுங்க. படத்தால நிரூபிக்க முடியுமா?

பழைய_தியோடலைட்:
முடியும். 1956ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் ஹன்டிங் சர்வே கம்பனி இலங்கை முழுவதையும் ஆகாயத்தில் இருந்து படமெடுத்தது. அளவு 1:40,000. அதில் 2000 யார் ஓடுபாதை என்றால் நாலரை சென்டிமீட்டர் வெள்ளைக் கோடு, குருடனுக்கும் தெரியும். யுத்தம் முடிந்து பதினொரு வருடம்தான், புல்கூட ஒழுங்காக மூடியிராது. உங்கள் 310 மீட்டர் எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்டீரியோஸ்கோப்பை வைத்து இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தால் மலை எழும்பி நிற்கும். என் முப்பது வருட வேலையில் எனக்கு அலுக்காதது அந்த ஒரு நிமிடம்தான். உங்கள் பக்கத்துப் படங்களை நான் அந்தக் காலத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஊவாப் பத்தனையில் புல், தேயிலை, நடைபாதை. கோடு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

வெலிமடை_கிழங்கு:
நான் ரொம்ப நேரமா வாசிச்சிட்டு வாரேன். ஒரு சின்னச் சந்தேகம். காலையில பால் இல்லாம பிளேன்டீ குடிக்கிறோமே, அதுல எங்க இறக்கை இருக்கு?

வடலி:
ஹாஹா. சீனி கூடினால் பறக்கும்.

பழைய_தியோடலைட்:
சிரிக்காதீர்கள், கிழங்குத் தங்கச்சி இத்தனை பக்கத்தையும் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஹோட்டன் பிளேன்ஸ். நுவரெலியாப் பக்கம் எல்க் பிளேன்ஸ், மூன் பிளேன்ஸ். நாம் பத்தனை என்கிற புல்வெளியை வெள்ளைக்காரன் 'ப்ளெய்ன்' என்றான். அவனுக்கு அதன் எழுத்து வேறு, ஆகாய விமானத்தின் எழுத்து வேறு. தமிழில் நமக்கு இரண்டும் பிளேன்தான். துரை 'ப்ளெய்ன்' என்றார், கங்காணி 'பிளேன்' என்றார், பொட்டல் நம்முடைய சொந்தச் சொல். தம்பி, உங்கள் தோட்டத்துப் பழைய பிளானைப் பார்க்க முடியுமா? தோட்டத்துப் பிளான்களில் ஒவ்வொரு மலைக்கும் நம்பரோ பேரோ இருக்கும்.

லயத்துப்பொடியன்:
ஐயா, முதல்ல வேற ஒரு ஆபீசுக்குப் போனேன், எதுன்னு சொல்ல மாட்டேன். மூணு தடவை அலைய விட்டு, "இது எதுக்கு ஒனக்கு"னு கேட்டு அனுப்பிட்டாங்க. அப்புறம் எங்க தோட்டத்து கிளாக்கரய்யாகிட்ட கெஞ்சினேன். அவரு நல்ல மனுசன். செவுத்துல அலமாரிக்குப் பின்னால துணியில ஒட்டின பழைய பிளான் ஒண்ணு தொங்குது, பல்லி முட்டையோட. கீழ் டிவிசன் மூலையில, ஸ்டோர் கட்டத்துக்குப் பின்னால, சாய்வெழுத்துல 'லோவர் ப்ளெய்ன்'னு இருக்கு. மேல இன்னொரு எடத்துல 'அப்பர் ப்ளெய்ன்'. அது இப்ப தேயிலை, ஆளுங்க அத மேப்பிளேன் மலைனு சொல்றாங்க. நான் பொறந்ததுல இருந்து கேக்குற பேரு. ஒரு நாளும் யோசிக்கல.

கொஞ்சம் கவலையாத்தான் இருக்கு.

வால்வுரேடியோ:
பேரு சரி. ஆனா உங்க தாத்தா 'பிளேன் இறங்குச்சு'னு சொன்னாரே, அது எங்கேருந்து வந்துச்சு? பேர வச்சே ஒரு மனுசன் முழுக் கதையும் கட்டுவாரா?

உப்புக்காத்து:
கட்டுவாங்க தம்பி. எங்கட வாப்பும்மா ராஜாளியாவில ராசா ஒருத்தரு இருந்ததா ஒரு கதையே சொல்லுவா.

லயத்துப்பொடியன்:
அப்பாயிகிட்ட கேட்டேன். இவ்வளவு நாளா தாத்தா சொன்னதத்தான் கேட்டிருக்கேன், அப்பாயிகிட்ட கேட்டதே இல்ல.

அப்பாயி பொறந்தது நோர்ட்டன்பிரிஜ் பக்கம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ராத்திரி பத்து மணி வாக்குல ஏழு கன்னியர் மலையில பிளேன் மோதுனப்ப அவங்களுக்கு இருபது வயசு. ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியா ஆளுங்க 182 பேரு, பிளேன் ஓட்டுன ஆளுங்க 9 பேரு, மொத்தம் 191, ஒருத்தரும் மிஞ்சல. லயமே குலுங்கி எழும்பிச்சாம். மலையில வெளிச்சம், அப்புறம் எண்ணெ வாசம். காலையில ஆம்பளைங்க ஏறிப் போனாங்க. அப்பாயியோட அண்ணன் திரும்பி வந்து ரெண்டு நாள் சோறு சாப்பிடலையாம். நோர்ட்டன்பிரிஜ்ல அந்த பிளேனோட டயர் இன்னும் இருக்கு, நான் ஸ்கூல் டிரிப்ல பார்த்திருக்கேன். அப்பாயிக்கு அது தெரியும்னுகூட நான் அன்னைக்கு நெனைக்கல.

மறுவருசம் கல்யாணம் கட்டி இங்க வந்தப்ப இந்த எடத்துப் பேரு பிளேன் பொட்டல்னு சொன்னாங்களாம். "நான் பயந்து போயிட்டேன்டா, இங்கயும் விழுந்துச்சான்னு ஒங்க தாத்தாகிட்ட கேட்டேன். அவரு என்னைய தேத்துறதுக்கு, இல்ல இல்ல, இங்க விழல, இறங்குச்சு, வெள்ளைக்காரன் சண்டையிலன்னாரு." இதச் சொல்லிட்டு அப்பாயி சிரிக்கிறாங்க. தாத்தா அப்பிடிச் சொன்னத அப்புறம் அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாராம்.

தகடு எங்க பாட்டன் கொண்டாந்ததாம். தியத்தலாவ முகாமுல குசினி வேலைக்குப் போய் வந்தவரு. கான்ல புள்ளைங்க விழுதுனு சண்டை முடிஞ்ச பெறகு மாட்டு வண்டியில ரெண்டு தகடு ஏத்திக்கிட்டு வந்தாருன்னு மாமியார் சொன்னாங்களாம்.

பழைய_தியோடலைட்:
உங்கள் தாத்தாவை எனக்குப் பிடித்துவிட்டது தம்பி.

வால்வுரேடியோ:
ஆஸ்டரை வாபஸ் வாங்குறேன்.

காசல்ரீ_காத்து:
எங்க மாமாகிட்டயும் போய் கேக்கப் போறேன், யாரு சொன்னாங்கன்னு. ஏழு கன்னியர் மலையில மோதுன அந்த மார்ட்டின்ஏர் பிளேன் பத்தி எங்க வீட்டுலயும் பேசுவாங்க, ராத்திரியில மட்டும்.

வடலி:
தம்பி, தகட்டை விட்டுடாதேங்கோ. பொட்டல் பொய் எண்டாலும் அது மெய்.

லயத்துப்பொடியன்:
அண்ணே, கடைசி சேதி. போன கிழமை தோட்டத்துல கானுக்கு கொங்கிரீட் சிலாப் போட்டாங்க. தகட்ட கழட்டிப் போட்ட அன்னைக்கே பழைய இரும்புக்காரன் தராசோட வந்து நின்னுட்டான். அப்பா விலை பேசிட்டாரு. நான் மறிச்சேன், அப்பாயி வந்து ஒரு அதட்டல். ஆள் போயிட்டான்.

முழுத் தகட்ட நானும் தம்பியும் லயத்துப் பின்னால தூக்கிட்டுப் போனோம். 30 கிலோன்னு ஐயா எழுதினப்ப லேசா நெனைச்சிட்டேன், தோளு இன்னும் வலிக்குது. 17 வரிசைத் துண்டு அப்பாயி கோழிக்கூட்டுக்கு மேல. கீரி உள்ள வராதாம், காத்தும் வருமாம்.